கோமதி ஆல்பத்தில் ஓர் ஆள் கூடுதல்

வாங்க சார், உக்காருங்க. அந்தச் சேர்ல இல்ல, அது ஆடும், கஸ்டமர் சேர். இதுல உக்காருங்க. ஃபேன் போடுதேன். காப்பி கலந்து வச்சிருக்கேன், சேவும் இருக்கு, எடுத்துக்கிடுங்க. ஆனா மவுஸத் தொடாதீங்க. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மவுஸ் பக்கமே கை போகக் கூடாது. போன வாட்டி நீங்க விறுவிறுன்னு தொட்டதுலதான் இவ்வளவும் வந்துச்சு.

உங்க மேல கோவம்லாம் இல்ல சார். நான் யாரு மேலயும் கோவப்படுத ஆளே கெடையாது. கோவில்பட்டி பஜார்ல யார வேணாலும் கேட்டுப் பாருங்க. ஆனா திங்கக்கெழம வந்து, பழைய கம்ப்யூட்டர்ல இருந்த ஆல்பம் சாஃப்ட்வேர், அதுல செஞ்ச வேலை எல்லாத்தையும் இந்தப் புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்திக் குடுத்தீங்கல்லா, அதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. எதுவும் கொறையல. கொறஞ்சிருந்தா போன்லயே சொல்லியிருப்பேன். கூடிருச்சு. ஒரு ஆளு கூடுதலா வந்துட்டாரு.

சிரிக்காதீங்க. ஆளுன்னா ஆளுதான். ஆறடி ஆளு. பிஸ்தா கலர் ஷெர்வானி போட்ட ஆளு.

மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்கு வெளங்கும். இந்தச் செண்பகா ஸ்டுடியோவுக்கு எம் பேரத்தான் வச்சிருக்கு. எங்க வீட்டுக்காரர் படம் எடுப்பாக, நான் அத ஆல்பமாக்குவேன். பதினாலு வருசமா இதுதான் வேலை. அதுல பதினோரு வருசம் அந்தப் பழைய கம்ப்யூட்டர். ஸ்விட்சப் போட்டுட்டு உலை வச்சிட்டு வந்தா சோறு வெந்திருக்கும், அது அப்பத்தான் கண்ண முழிக்கும். மானிட்டர்ல பாதி மஞ்ச அடிச்சுப் போச்சு. கல்யாணப் பொண்ணு எல்லாரும் நலங்கு வச்ச மாதிரியே தெரிவாங்க. இருந்தாலும் எனக்கு அது பழகிருச்சு. வீட்டுக்காரர்தான் புதுசு வாங்குவோம் வாங்குவோம்னு நச்சரிச்சு வாங்கினாக.

நீங்க வந்தீங்க. சாஃப்ட்வேர் ஓட ஒரு லாக் குத்தணும்லா, பென் டிரைவ் கணக்கா, கட்டைவிரல் தண்டிக்கு, அத மாத்திக் குத்தினீங்க. ஓடல. ஆயுத பூசைக்கு அதுக்கும் பொட்டு வச்சதுல குங்குமம் உள்ள போயிருச்சு, நீங்க ஊசிய வச்சு நோண்டி எடுத்தீங்க. அப்புறம் ஓடுச்சு. ஒரு ஆல்பத்தத் தொறந்தா டிசைன் இருக்கு, பூ இருக்கு, பேரு எழுதினது இருக்கு, போட்டோ இருக்க வேண்டிய கட்டத்துல எல்லாம் செவப்புப் பெருக்கல் குறி. முந்நூத்தி நாப்பது ஆல்பம் சார், முந்நூத்தி நாப்பது வீட்டு விசேசம்.

நீங்க அசரவே இல்ல. "ஆல்பத்துக்குள்ள படம் இருக்காதும்மா, இந்தக் கட்டத்துக்கு இந்தப் படம்னு அட்ரஸ் மட்டும்தான் இருக்கும். இப்ப வீடு மாறிருச்சு, அட்ரஸ் மாறல. தேடச் சொல்லி விட்டுருவோம். அதே பேருல படம் எங்க கெடந்தாலும் அதுவே கண்டுபிடிச்சு ஒட்டிக்கிடும்"னு சொல்லி ஒரு எடத்துல டிக் போட்டீங்க. போட்டதும் பெருக்கல் குறியெல்லாம் மடமடன்னு மறைஞ்சு மூஞ்சி மூஞ்சியா வந்துச்சு பாருங்க, எனக்கு உங்களக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருந்துச்சு. அதான் ஒரு பொட்டலம் சேவு குடுத்து விட்டேன்.

முந்நூத்தி முப்பத்தொம்பது ஆல்பம் ஒழுங்கா இருக்கு. ஒண்ணுலதான் பிசகு. எம் மக கோமதி கல்யாண ஆல்பம்.

அதுல இருந்த போட்டோ வேற, இப்ப ஒட்டியிருக்க போட்டோ வேற. பேரு ஒண்ணுதான், நம்பர் ஒண்ணுதான். ஆனா முன்ன இருந்தது நான் வேலை பாத்த படம். இப்ப வந்து ஒட்டினது ஒரிஜினல். கேமராவுல எடுத்தபடியே, பச்சையா.

என்ன வேலையா? கரெக்சன் சார். இந்தத் தொழில்ல சகஜம். ஒரு வீட்ல சண்டை வந்துட்டா "அக்கா, சித்தப்பாவ எடுத்துருங்க"ம்பாக. அடுத்த மாசம் ராசியாயிட்டா "அக்கா, சித்தப்பாவத் திருப்பி வச்சிருங்க"ம்பாக. நாலாட்டின்புத்தூர் வீட்ல ஒரு சித்தப்பாவ நான் நாலு வாட்டி எடுத்து நாலு வாட்டி வச்சிருக்கேன். அந்த மாதிரி, கோமதி ஆல்பத்துலயும் ஒருத்தர எடுத்திருந்தேன்.

மாப்பிள்ளைய.

காப்பி சிந்துது பாருங்க. இந்தாங்க துணி. இதுல அதிர்ச்சியாக என்ன இருக்கு? எல்லாத்துக்கும் காரணம் இருக்கு. கேளுங்க.

அந்தத் தம்பி பேரு நவநீதன். ஓசூரு. அவரும் நம்ம தொழில்தான். கேண்டிட் போட்டோகிராஃபராம். அப்படின்னா ஆளுக்குத் தெரியாம எடுக்கது. இங்க ஒரு கல்யாணத்துக்கு ட்ரோன் விட வந்திருந்தாரு. அந்த ட்ரோன் காத்துல சாஞ்சு எங்க மொட்டை மாடியில வந்து விழுந்துச்சு. கோமதி அங்க வத்தல் காயப் போட்டுட்டு இருந்தா. எடுத்துக் குடுத்தா. அவ்வளவுதான், ஆறு மாசத்துல பொண்ணு கேட்டு வந்துட்டாக. நாங்க மறுக்கல சார். நல்ல குடும்பம், நல்ல பிள்ளை, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அதெல்லாம் நான் கொறையே சொல்லமாட்டேன்.

ஆனா பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு, இந்தா இந்த மேசையில கெடந்த சாம்பிள் ஆல்பத்த எடுத்துப் புரட்டுதாரு. என்னோட பெஸ்ட்டு ஆல்பம் அது. ரிசப்சன் ஜோடி ரெண்டு பேரும் ஏரிக்கு நடுவுல நிப்பாங்க, ரெண்டு பக்கமும் அன்னப்பறவை கழுத்த வளைச்சிட்டு இருக்கும், மேல இருந்து ரோசாப்பூ இதழு கொட்டும். ஒரு பக்கத்துக்கு மூணு நாளு ஆச்சு. அந்தத் தம்பி பாத்துட்டு, மெதுவா, சிரிச்ச மொகமா கேக்காரு: "அத்தை, இந்த அன்னப்பறவை எதுக்கு?"

எதுக்குன்னா? அழகுக்குன்னேன்.

"இப்பல்லாம் யாரும் போடறதில்லைங்கத்தை. ஆளு முகம் நல்லா தெரிஞ்சாப் போதும்"னாரு.

கேசரிய எடுத்து நீட்டினேன். எனக்கு மனசுல எதுவும் இல்ல. இன்னைக்கு வரைக்கும் இல்ல. சும்மா உங்ககிட்ட ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்.

அப்புறம் கல்யாணத்துக்கு மொத நாளு வந்து சொல்லுதாரு: "அத்தை, என் ஃபிரண்டுங்க வந்து எடுத்துருவாங்க. நீங்களும் மாமாவும் முன் வரிசையில ஹாயா உக்காருங்க." எப்படி இருக்கும் எனக்கு? எங்க ரெண்டு பேருக்கும் வேலை தெரியாதுன்னு சொல்லாமச் சொல்லுதாருல்லா? வேற என்ன அர்த்தம் அதுக்கு? எம் மக கல்யாணத்த நாங்கதான் எடுப்போம்னு ஒத்தக் கால்ல நின்னேன். வீட்டுக்காரர் கேமரா, நான் லைட்டு. மாப்பிள்ளை அழைப்புல இருந்து மறுவீடு வரைக்கும் லைட்டக் கீழ வைக்கல. "பொண்ணப் பெத்தவ மேடையில நிக்காம லைட்டத் தூக்கிட்டு நிக்காளே"ன்னு எங்க மதினி கூடக் கேட்டாக. எம் மக மூஞ்சியில நெழல் விழக் கூடாதுன்னுட்டேன்.

கல்யாணம் முடிஞ்சு ஆல்பம் போட உக்காந்தேன். அப்பத்தான் பிரச்சினை தெரிஞ்சுச்சு. அந்தப் பிஸ்தா ஷெர்வானி. அது கோமதியோட அரக்குப் பட்டுக்குப் பக்கத்துல நிக்கவே மாட்டேங்குது சார். கலர அடிக்கி. சரி, ரிசப்சன்ல மட்டும் அவர எடுத்துட்டு எப்படி இருக்குன்னு பாப்போம்னு எடுத்தேன். பக்கம் அப்படியே பளிச்சுன்னு ஆயிருச்சு. அப்புறம் வேட்டி கட்டினதுலயும் எடுத்துப் பாத்தேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு.

அது லேசுப்பட்ட வேலை இல்ல, நீங்க நெனைக்க மாதிரி. மாலை மாத்துத படம் இருக்குல்லா, அதுல கோமதி மாலையத் தூக்கிட்டு நிக்கா, எதுக்க ஆளு இல்லன்னா நல்லா இருக்காதே. அங்கன ஒரு அருவி வச்சேன். அக்கினி சுத்துததுல குத்துவெளக்கு. அவ குத்துவெளக்கக் கையில பிடிச்சு நடந்து வருத மாதிரி இருக்கும், கோயில் செல கணக்கா. தாலி கட்டுத படம்தான் ரொம்பக் கஷ்டம். நாத்தனார் பின்னால நின்னு முடிச்சுப் போடுவாங்கல்லா, அவுக கைய முன்னால இழுத்து விட்டேன். பாத்தா அவுகளே கட்டுத மாதிரி இருக்கும். ஆனா சுத்தமான வேலை. எங்க வெட்டினேன்னு பூதக்கண்ணாடி வச்சாலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆமா, தெரியாமலா இருக்கும்னு கேக்கீங்க. எல்லாரும் கல்யாண ஆல்பத்துல பொண்ணத்தான சார் பாப்பாங்க? மாப்பிள்ளைய யாரு பாக்கா?

மூணு வருசம் ஆச்சு. கோமதி போன் பண்ணும்போதெல்லாம் கேப்பா, "அம்மா, ஆல்பம்?" கரெக்சன் போயிட்டு இருக்குட்டீம்பேன். பொய் இல்லல்லா? போயிட்டுத்தான் இருந்துச்சு. தெனமும் கடைசி வேலையா ஒரு அரை மணி நேரம் அத எடுத்து வச்சிக்கிடுவேன். வேலை பாத்த படத்தையெல்லாம் எங்க வீட்டுக்காரர் கண்ணுல படாம டெஸ்க்டாப்புல 'கரண்ட் பில்'லுன்னு பேரு போட்ட ஃபோல்டருக்குள்ள வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் எதத் தொறந்தாலும் கரண்ட் பில்லத் தொறக்கமாட்டாக. நீங்களும் தொறக்கல பாருங்க. போட்டோ ஃபோல்டரையெல்லாம் எடுத்துட்டு, கரண்ட் பில்லு எதுக்குன்னு விட்டுட்டு வந்துட்டீங்க. சாஃப்ட்வேர் தேடிப் பாத்துருக்கு, என் படம் கெடைக்கல, அதே நம்பர்ல ஒரிஜினல் கெடைச்சிருக்கு. ஒட்டிருச்சு. அம்புட்டுதான் நடந்தது. நீங்க வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும்.

இப்ப என்ன அவசரம்னா, கோமதிக்கு ஏழாம் மாசம். ஞாயித்துக்கெழம ஓசூர்ல வளைகாப்பு. வளையல் போட்டுட்டு பிள்ளைய பேறுகாலத்துக்கு நம்ம வீட்டுக்குக் கூட்டியாரணும். தலப்பிரசவம் சார். மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சாச்சு, கட்டில் மாத்திப் போட்டாச்சு, பிள்ளை பெத்ததும் குடுக்குத காயத்துக்கு மருந்துச் சாமான்கூட வாங்கிட்டேன். இவ்வளவும் செஞ்சுட்டு இருக்கும்போது போன மாசம் அவ சொல்லுதா, "அம்மா, ஆல்பத்தோட வந்தா உங்கூட வாரேன். ஆல்பம் இல்லாம வந்தா வளையலப் போட்டுட்டு நீ மட்டும் போ. நான் இங்கனயே பேறுகாலம் பாத்துக்கிடுதேன்." சொல்லிட்டு போன வச்சிட்டா. சும்மா மெரட்டுதான்னு நெனைச்சேன். அடுத்த நாளே ஓசூர் ஆஸ்பத்திரியில பேரு பதிஞ்சிட்டு ரசீத வாட்சப்புல அனுப்பி விட்டா. என்னைய மாதிரியே பிடிவாதம். இல்ல, அவுக அப்பா மாதிரி.

ஆல்பம் பிரிண்ட் போடுத லேப்புக்கு இன்னைக்கு நாலு மணிக்குள்ள அனுப்பணும். அனுப்பினா வெள்ளிக்கெழம பார்சல்ல வந்துரும். சனிக்கெழம பஸ்ஸு. இப்ப மணி மூணேகால்.

ஆமா, காலையிலேயே கூப்பிட்டிருக்கலாம். மத்தியானம் வரைக்கும் ஏன் கூப்பிடலன்னு கேக்கீங்க, அதச் சொல்லுதேன்.

காலையில வாசல் தெளிச்சிட்டு வந்து லேப்புக்கு அனுப்பிருவோம்னு ஆல்பத்தத் தொறந்தேன். மொதப் பக்கத்துலயே ஆளு நிக்காரு. ரெண்டாம் பக்கம் நிக்காரு. அறுபது பக்கம் சார், அறுபதுலயும் நிக்காரு. அருவியக் காணோம், குத்துவெளக்கக் காணோம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு உங்களுக்குத்தான் போன் போட எடுத்தேன். அப்புறம், இந்தாளு வந்து என்னத்தச் செய்யப் போறாரு, நாமளே மறுபடி வெட்டுவோம்னு உக்காந்துட்டேன். எனக்கு வேகமா வரும்.

ஆனா இந்த மானிட்டர் பாருங்க, எவ்வளவு பெருசு. பழைய மானிட்டர்ல ஆள வெட்டும்போது நான் ஓரத்த மட்டும்தான் பாப்பேன். காது ஓரம், தோளு ஓரம், முடி. ஓரத்த விட்டு உள்ள கண்ணு போனா கோடு பிசகிரும். மூணு வருசமா அந்த ஆளு காத நான் நல்லாப் பாத்திருக்கேன், மூஞ்சியப் பாத்ததே இல்ல. இதுல பெருசு பண்ணினா, பாக்கக் கூடாதுன்னாலும் மூஞ்சி வந்து முன்னால நிக்கி.

அம்பத்தெட்டாம் பக்கம். பொண்ணு அனுப்புத படம். கோமதி கார்ல ஏறுதா. எங்க வீட்டுக்காரர் கேமராவ மதினி மகன்கிட்ட குடுத்துட்டு பிள்ளைய வழியனுப்பப் போனாக. நான் இந்தப் பக்கம் லைட்டோட நின்னேன், எனக்கு முன்னால ஒரே கூட்டம், ஒண்ணும் தெரியல. கோமதி அழுததா அப்புறம் சொன்னாக. அழத்தான செய்வா. ஆனா படத்துல பாக்கேன், அவ பாட்டுக்கு உக்காந்து சேலை ஓரம் கதவுல மாட்டாம இழுத்து விட்டுட்டு இருக்கா. அழுகுதது யாரு தெரியுமா? இவரு! எங்க வீட்டுக்காரர் தோள்ல சாஞ்சுக்கிட்டு, வாயத் தொறந்து, எல்கேஜிப் பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்த மாதிரி அழுவுதாரு. எங்க வீட்டுக்காரர் அவர் முதுகத் தட்டிக் குடுக்காக. பொண்ணக் கூட்டிட்டுப் போறவரு எதுக்கு சார் அழணும்? எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தனியா உக்காந்து சிரிச்சிட்டே இருந்தேன். ஆறடி ஆளு சார்.

இந்தப் படத்துல இவரு இருந்த எடத்துல நான் துளசி மாடம் வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் துளசி மாடத்தத் தட்டிக் குடுத்துட்டு இருந்தாக இவ்வளவு நாளும்.

அப்படியே பின்னால போனேன். இன்னொரு வெவகாரம். நாலஞ்சு கட்டத்துல எங்க வீட்டுக்காரர் எடுக்காத படம் ஒட்டியிருக்கு. அவுக எடுத்தது பளிச்சுன்னு நேரா இருக்கும். இது சாஞ்சு மறஞ்சு எடுத்தது. என்னடான்னு பாத்தேன், அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வந்தப்ப அந்தத் தம்பி ஒரு மெமரி கார்டக் கொண்டாந்து கையில குடுத்தாரு. "அத்தை, இடையிடையே நானும் கொஞ்சம் எடுத்தேன். ஆல்பத்துக்கு ஆகும்"னாரு. தாலி கட்டின கையோட கேமரா பிடிச்சிருக்காரு பாத்தீங்களா? அந்தக் கார்ட அப்படியே கோமதி ஃபோல்டர்ல காப்பி பண்ணிப் போட்டுட்டு கார்ட அழிச்சு அடுத்த கல்யாணத்துக்கு எடுத்துக்கிட்டோம். நான் தொறந்தே பாக்கல. எங்க வீட்டுக்காரர் ஒரிஜினல்ல சிலத எடம் பத்தலன்னு அழிச்சிருக்காக போல. அதே கம்பெனி கேமரா, நம்பரும் ஒத்துப் போயிருக்கு. உங்க டிக்கு இருக்கே, அது இவரு படத்தக் கொண்டாந்து ஒட்டிருச்சு.

அந்தப் படத்துல எல்லாம் யாரு இருக்கான்னு பாருங்க. மவுஸத் தொடாம பாருங்க, நானே காட்டுதேன்.

நாந்தான். நலங்குல நான். பந்தியில லைட்ட இடுப்புல இடுக்கிட்டு எலையில தண்ணி தெளிக்கேன் பாருங்க. இதுல செருப்பக் கழத்திட்டு ஒத்தக் காலத் தேய்ச்சிட்டு நிக்கேன், கால் வலி. இதெல்லாம் எப்ப எடுத்தாருன்னே தெரியல. என் சடங்குல இருந்து எங்க கல்யாணம் வரைக்கும் என் படம் எதுலயும் நான் இப்படி இருந்ததில்ல. எங்க வீட்டுக்காரர் எடுத்தா "நேரா நில்லு, தலையத் தூக்கு"ம்பாக.

மத்தியானம் வரைக்கும் இதையேதான் சார் பாத்துட்டு இருந்தேன். அடுப்புல கொழம்பு தீஞ்சு போச்சு. அப்புறம்தான் உங்களுக்குப் போன் போட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கக் கொண்டாந்திருக்கீங்களா? சரி, மாட்டுங்க. இப்ப மவுஸத் தொடலாம். டெஸ்க்டாப். இன்னுங் கீழ. ஆங், அதான். கரண்ட் பில். ஐயோ, இருக்கு. நானூத்திப் பதினாறு படமும் அப்படியே இருக்கு. எவ்வளவு நேரம் ஆகும் மாத்த? பத்து நிமிசமா? அட, அம்புட்டுதானா. பத்து நிமிசத்துல எல்லாம் பழையபடி ஆயிரும்.

இருங்க. அமுக்காதீங்க.

இல்ல, ஒரு யோசனை. பாதிப் பக்கத்துல மட்டும் எடுத்தா? ரிசப்சன்ல மட்டும். அந்தப் பிஸ்தா கலர் மட்டும். இல்லன்னா அவர அங்கங்க விட்டுட்டு... என்ன சார் நீங்க, ஒரு யோசனையும் சொல்லமாட்டேங்கீங்க? கம்ப்யூட்டர்க்காரர்னா சும்மா உக்காந்திருந்தா ஆச்சா?

இருங்க, போனு. கோமதிதான். ஸ்பீக்கர்ல போடுதேன், எனக்குக் கையெல்லாம் சேவு எண்ணெய். பேசாம இருங்க.

"சொல்லுட்டீ. சாப்பிட்டியா? ஆங், அனுப்பப் போறேன், லேப்புக்குத்தான். இந்தா அனுப்பிக்கிட்டே இருக்கேன். என்னது? என்ன கேட்ட?"

கேட்டீங்களா சார், என்ன கேக்கான்னு? "அவரு இருக்காராம்மா ஆல்பத்துல?"ன்னு கேக்கா.

"எவரு? ஏட்டி, எப்பப் பாத்த நீ? போன தீவாளிக்கு வந்தப்பவா? கரண்ட் பில்லு கட்ட வேண்டிய தேதி பாக்கத் தொறந்தியா? ஏன் சொல்லல? அவருக்குத் தெரியுமா? அடிப்பாவி, அவரும் பாத்தாரா! என்ன சொன்னாரு? சொல்லு, சிரிக்காம சொல்லு."

ரெண்டு நாளா சிரிச்சாராம் சார். மெட்டி போடுத படத்துல அவரு கைய மட்டும் நான் விட்டு வச்சிருந்தேன். உங்ககிட்ட அதச் சொல்லல. விரலுக்கு மெட்டி தானா ஏறாதுல்லா, அதான் கைய மட்டும் விட்டேன். அதப் பாத்துட்டு "கை பாஸாயிடுச்சு கோமதி, ஒவ்வொரு வருசமா மத்தது பாஸாகும்"னாராம். அத்தைகிட்ட கேக்கக் கூடாதுன்னு இவகிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன், சொல்லு. உங்க வீட்டுப் பெரியவங்க முன்னால அவரு தலைகுனியக் கூடாதுன்னுதான் இப்பக் கேக்கியா? சரி. சரிட்டீ. அழாத, வயித்துப் பிள்ளைக்காரி அழக் கூடாது. இருக்காரு. இருக்காருன்னு சொல்லுதேன்லா? எல்லாப் பக்கத்துலயும் இருக்காரு. அம்பத்தெட்டாம் பக்கத்துல அழுதுக்கிட்டு இருக்காரு, நீ அவரக் கண்டுக்காம சேலைய இழுத்துட்டு இருக்க. ஆமா, நெசமாத்தான். இன்னும் என்ன? சொல்லு, காது கேக்கு."

கேட்டீங்களா சார், நான் இருக்கேனான்னு கேக்கா.

"ஆங். இருக்கேன். நானும் இருக்கேன். அவரு எடுத்தது. நாலு எடத்துல. இல்ல, அஞ்சு. உங்ககிட்ட என் படம் ஒண்ணுகூட இல்லையா? கார்ட நாங்கதான் அழிச்சிட்டோம். சரி, சரி. அதுக்குத்தான் இவ்வளவு நாளா ஆல்பம் ஆல்பம்னு கேட்டியா? மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன? வச்சிரு, மணியாகுது. சனிக்கெழம வாரேன். மாப்பிள்ளைகிட்ட சொல்லு, பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லு, பை கனமா இருக்கும்."

சார், ஹார்ட் டிஸ்க்கக் கழத்திருங்க. இல்ல, வேணாம், எதையும் மாத்த வேணாம். நேரம் இல்லல்லா, மூணே முக்காலாச்சு. அதனாலதான். இருக்கபடியே லேப்புக்கு அனுப்பிருவோம்.

ஒரு நிமிசம். அறுபதாம் பக்கத்த மட்டும் தொறங்க. அதுல கார் போன பெறகு நான் லைட்டோட நிக்க படம் ஒண்ணு ஒட்டியிருக்கு, கார் கண்ணாடி வழியா எடுத்திருக்காரு. மூஞ்சியெல்லாம் ஒரே வேர்வை. ஓசூர்ல அத்தன பேரு பாப்பாக, அத மட்டும் தொடச்சிருதேன். மவுஸக் குடுங்க. ரெண்டு நிமிச வேலை. பெருசு பண்ணுதேன். இன்னும் கொஞ்சம்.

வேர்வை இல்ல சார் இது.

விடுங்க. அப்படியே அனுப்புங்க.